ஷூ ரேக் மேல் பதினொன்று

இரவு பதினொன்றே கால்.
மடிப்பாக்கத்தில் கரண்ட் போய் வந்து
போய் வந்து
மூன்றாம் முறை வந்தபோது
பதினொன்றில் பத்துதான் எழுந்தன.

கண்டெய்னர் என்றால் மச்சான் கருணாகரனுக்கு
மணலி சாலையில் விடியவிடிய நகராத டிரெய்லர் வரிசை,
டயர் நிழலில் தூங்கும் கிளீனர்,
உடைக்கப்படாத சீல்.
எனக்கு
ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆறாயிரத்துக்குப் பேரம் பேசிய
பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்.
அதற்குள் எடையே இல்லாத பதினொரு பெட்டிகள்:
வீட்டுப் போட்டோக்கள், பாஸ்வேர்டுகள்,
அசோசியேஷனின் லாரித்தண்ணிக் கணக்கு,
எதற்கு வைத்தேன் என்பதே மறந்துபோன ஒன்று.
ஒன்று விழுந்தால் அடுத்ததற்குத் தெரியாது.
அபார்ட்மெண்ட் மாதிரி.
ஆனால் அடியில் டிஸ்க் ஒன்றுதான்,
சம்ப் மாதிரி.

"போட்டோ ஏறலைங்க, ஆதார் ஸ்கேன் அதிலதானே இருக்கு"
உள்ளிருந்து பிரிஸில்லா.
போட்டோக்களுக்கான பெட்டி
எழுகிறது, விழுகிறது, எழுகிறது.
பதினான்கு நொடிக்கு முன் மறுதொடக்கம்.
ஒன்பது நொடிக்கு முன்.
இரண்டு.
மூச்சுத் திணறுகிறவனிடம் பேர் கேட்பது போல
அதனிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.
எழுத இடமில்லை என்றது.

இடம் எங்கே போச்சு?
ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கினேன்.
போட்டோ அல்ல, வீடியோ அல்ல.
நாற்பத்தொரு ஜிபிக்கு
ஒரே ஒரு லாக்.
திறக்கவே நாலு நிமிஷம்.
உள்ளே ஒரே வரி, வேறு வேறு நேரத்தில்,
இரண்டு நொடிக்கு ஒருமுறை,
பின்னால் வால் வாலாய்ப் பிழைவிவரம்:
பார்க்கிங் தூண். சாவி தவறு. மறுக்கப்பட்டது.

பார்க்கிங் தூண்.

அந்த டிசம்பரில் விடிகாலை மூன்று மணிக்கு
ரெஜினா மிஸ்ஸின் கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்தபோது
மேலே எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
தண்ணீர் வடிந்ததும்
தூணில் நான் திருகிவைத்த சென்சார் அது.
தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்,
தண்ணீர் ஏறினால் எனக்குச் சொல்லும்.
மார்ச்சில் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன்,
பாதுகாப்புக்கு.
அதற்கு மட்டும் சொல்ல மறந்தேன்.
எட்டு மாசம் கதவைத் தட்டியிருக்கிறது.
நான் திறக்காத சத்தம்தான்
டிஸ்க் முழுக்க.

காலி செய்யப் போனவன்
கை சும்மா இராமல் அக்டோபருக்கு உருட்டினேன்.
பதினாறு, விடிகாலை 3.38. தரை: நாலு செ.மீ. மறுக்கப்பட்டது.
3.52. ஒன்பது செ.மீ. மறுக்கப்பட்டது.
4.10. பதிமூன்று.

அன்று காலை ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல்
பார்க்கிங்கில் நின்று கேட்டார் மிஸ்:
"உங்க மிஷின் ஒண்ணும் சொல்லலையா தம்பி?"
அவ்வளவு தண்ணி வரலை மிஸ், என்றேன்.
ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொடுத்தேன் வேறு.

அழித்துவிட முடியாது லாகை.
திறந்திருக்கும் கோப்பு, பேர் போனாலும்
இடத்தை விடாது.
வெறுமையாக்கத்தான் வேண்டும்.
ஆக்கினேன்.
அந்த மூன்று வரியை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு.

போட்டோ பெட்டி எழுந்தது. நின்றது.
"வந்துடுச்சு" என்றாள் பிரிஸில்லா, விளக்கை அணைத்தாள்.

தூணுக்குப் புதுச் சாவி ஏற்ற வேண்டுமானால்
லேப்டாப்போடு மழையில் இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.
அதன் பழைய சாவிக்கே
இந்தப் பக்கம் பூட்டை மாற்றினேன்.
தப்புதான். தெரியும்.

இரண்டு நொடி.
பார்க்கிங் தூண். தரை: பூஜ்யம் செ.மீ.
ஏற்கப்பட்டது.
கோபமில்லை அதற்கு,
விட்ட இடமும் ஞாபகமில்லை.
வெளியே கேபிள் வயரிலிருந்து சொட்டுகிறது மழை.
மறுபடி பூஜ்யம்.
மறுபடி.

ஷூ ரேக் மேல் ஒட்டிய மஞ்சள் தாளில் எழுதினேன்:
லாகுக்கு வரம்பு வைக்க.
யூபிஎஸ் பேட்டரி மாற்ற, ஞாயிறு.
மறந்துபோன பெட்டி எதற்கென்று பார்க்க.
ரெஜினா மிஸ்ஸிடம்